தங்கம் கேட்ட வாத்தியார்

இந்தியா ஒரு காலத்தில் ஆசியாவிலேயே முதல்தரமான கால்பந்து நாடாக இருந்தது என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்ப மறுப்பார்கள். ஆனால் அது உண்மை. 1951-லும் 1962-லும் ஆசிய விளையாட்டுப் பந்தயங்களில் இந்தியக் கால்பந்து கோஷ்டி தங்கப் பதக்கம் வென்றது. 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காவது இடம் பெற்றது. ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதி வரை சென்ற முதல் ஆசிய நாடு என்ற பெருமையும் இந்தியாவுக்கே உரியது.

இந்த மூன்று சாதனைகளுக்கும் பின்னால் ஒரே மனிதர் இருந்தார். அந்தப் பந்தயங்களில் அவர் ஒரு கோல் கூடப் போட்டதில்லை. மைதானத்தின் கோட்டுக்கு வெளியே அமர்ந்திருந்தார். அவர் அரசரும் அல்லர், பணக்காரரும் அல்லர். சாக்குக்கட்டி பிடித்துப் பாடம் நடத்திய பள்ளிக்கூட உபாத்தியாயர்.

அவர்தாம் ஹைதராபாத் சையது அப்துல் ரஹீம். ரஹீம் ஸாஹிப் என்று ஆட்டக்காரர்கள் மரியாதையோடு அழைத்த பெரியவர்.

நடிகர்களையும் கிரிக்கெட் வீரர்களையும் நாம் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறோம். ஆனால் ஒரு வாத்தியார், தம் வகுப்பறைப் புத்தியை மைதானத்துக்குக் கொண்டுபோய், ஏழை நாட்டுப் பையன்களை வைத்துக்கொண்டு ஆசியாவையே ஜெயித்த கதை பலருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய கதை அது.

நிஜாம் ஊர்ப் பையன்

ரஹீம் 1909-ஆம் வருஷம் ஆகஸ்டு 17-ந் தேதி ஹைதராபாத்தில் பிறந்தார். அப்போது அது நிஜாமின் ராஜ்யம். ஊரில் பட்டாளங்களும் போலீஸ் படையும் இருந்தன. பட்டாளம் இருந்த இடமெல்லாம் கால்பந்தும் இருந்தது. வெள்ளைக்காரச் சோல்ஜர்கள் ஆடியதைப் பார்த்து உள்ளூர்ப் பையன்களும் பந்தை உதைக்கக் கற்றுக்கொண்டார்கள்.

ரஹீம் உஸ்மானியா சர்வகலாசாலையில் படித்துப் பட்டம் பெற்றவர். அங்கே கல்லூரிக் கோஷ்டியில் ஆடினார். பிறகு உள்ளூர் கிளப்புகளிலும் ஆடினார். நல்ல ஆட்டக்காரர் என்று பெயர் எடுத்தார். ஆனால் அந்தக் காலத்தில் கால்பந்து சோறு போடாது. ஆகவே படிப்பை முடித்ததும் உபாத்தியாயர் வேலைக்குப் போனார். காச்சிகூடா நடுநிலைப் பள்ளி, சாதர்காட் உயர்நிலைப் பள்ளி என்று ஹைதராபாத்தின் பல பள்ளிக்கூடங்களில் வேலை பார்த்தார். தேகப்பயிற்சிக் கல்வியிலும் டிப்ளமா வாங்கினார்.

இந்தப் பள்ளிக்கூட அநுபவம்தான் அவருடைய மூலதனம். நாற்பது பையன்கள் உள்ள வகுப்பில் நாற்பது பேரும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒருவன் கணக்கில் புலி, இலக்கணத்தில் பூஜ்யம். இன்னொருவனுக்கு எல்லாம் வரும், ஆனால் பயம். யாருக்கு எது வராது என்று கண்டுபிடித்து, அதையே திரும்பத் திரும்பச் செய்யவைப்பவன்தான் நல்ல வாத்தியார். மைதானத்திலும் ரஹீம் இதையேதான் செய்தார்.

வராத காலுக்கு ஒரு பந்தயம்

1940-களில் ரஹீம் ஹைதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலாளரானார். சாகும் வரை அந்தப் பொறுப்பு அவரிடமே இருந்தது. பதவி கிடைத்தவுடன் மாலை மரியாதைகளில் மூழ்கிவிடவில்லை. புதுப்புதுப் பந்தயங்களை ஏற்பாடு செய்தார். அவை விசித்திரமான பந்தயங்கள்.

நம் ஊர்களில் பந்து உதைக்கும் பையன்களைக் கவனியுங்கள். பத்துப் பேரில் எட்டுப் பேர் வலது காலால் மட்டுமே உதைப்பார்கள். பந்து இடது பக்கம் வந்தால் உடம்பைச் சுற்றிக்கொண்டு வலது காலுக்குக் கொண்டுவருவார்கள். அதற்குள் எதிரி வந்து பந்தைப் பிடுங்கிவிடுவான். இந்தப் பழக்கத்தை ஒழிக்க ரஹீம் ஒரு போட்டி வைத்தார். அதில் வராத காலால்தான் பந்தை உதைக்கவேண்டும். வலதுகாலர்கள் இடது காலாலும், இடதுகாலர்கள் வலது காலாலும் ஆடவேண்டும்.

இன்னொரு போட்டியில் பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு வளைந்து வளைந்து ஓடக்கூடாது. பந்து வந்ததும் தோழனுக்குத் தள்ளிவிடவேண்டும். ஒரே தொடுதலில் பந்தைக் கடத்தவேண்டும் என்றும் ஒரு போட்டி உண்டு. குள்ளமான பையன்களுக்கென்றே தனிப் பந்தயமும் வைத்தார். உயரமும் பருமனும் உள்ளவர்கள் முட்டித் தள்ளிவிடுவதால் ஒதுங்கிப்போன பையன்கள் பலர் அதில் பிரகாசித்தார்கள்.

பார்ப்பவர்களுக்கு இவை வேடிக்கையாக இருந்திருக்கும். ஆனால் சில வருஷங்களுக்குள் ஹைதராபாத் ஆட்டக்காரர்களுக்கு இரண்டு காலும் வேலை செய்தன. பந்து ஒருவரிடமும் தங்காமல் தறிநாடா போல இங்கும் அங்கும் ஓடியது. அவர்களை எதிர்த்து ஆடியவர்கள் திணறிப்போனார்கள்.

இந்த முறையில் செலவு என்பது கிடையாது. விலை உயர்ந்த சாமான் ஒன்றும் வேண்டாம். ஒரு பந்து, ஒரு மைதானம், யோசிக்கத் தெரிந்த ஒரு வாத்தியார் இருந்தால் போதும்.

போலீஸ்காரர்களின் வெற்றி வாகை

1950-ல் ரஹீம் ஹைதராபாத் நகரப் போலீஸ் கோஷ்டியின் பயிற்சியாளரானார். அந்தக் காலத்தில் கால்பந்து என்றால் கல்கத்தா. மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் கொடிகட்டிப் பறந்த நாட்கள். தெற்கேயிருந்து ஒரு போலீஸ் கோஷ்டி வந்து அவர்களை அசைத்துவிடும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

பம்பாயில் நடந்துவந்த ரோவர்ஸ் கோப்பை அந்தக் காலத்தில் நாட்டின் பெரிய பந்தயங்களில் ஒன்று. 1950-ல் ஹைதராபாத் போலீஸ் அதை வென்றது. 1951-ல் மறுபடியும் வென்றது. 1952, 1953, 1954 என்று தொடர்ந்து ஐந்து வருஷம் கோப்பை ஹைதராபாத்துக்கே போயிற்று. அப்போது டில்லியில் நடந்துவந்த டூராண்டு கோப்பையையும் 1950-லும் 1954-லும் 1957-லும் அந்தப் போலீஸ்காரர்கள் கைப்பற்றினார்கள். ஆந்திரப் பிரதேசம் உருவான பிறகு, ஆந்திரப் போலீஸ் என்ற பெயரில் 1961-லும் வென்றார்கள். மாகாணங்களுக்கிடையே நடக்கும் சந்தோஷ் டிராபியிலும் ஹைதராபாத் அடுத்தடுத்து இரண்டு முறை வெற்றி பெற்றது.

நூர் முகமது, அஜீஸ், ஜுல்பிகாருதீன் போன்றவர்கள் அந்த மைதானங்களில் தயாரான வீரர்கள். பிற்பாடு இந்தியக் கோஷ்டியிலும் இடம் பெற்றார்கள்.

வெறுங்கால் வீரர்கள்

இந்தியக் கோஷ்டியின் பொறுப்பும் ரஹீமிடம் வந்து சேர்ந்தது. அப்போது இந்தியக் கால்பந்தின் நிலை என்ன என்பதைக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

நம்மவர்கள் வெறுங்காலோடு ஆடிப் பழகியவர்கள். 1911-ல் மோகன் பகான் கோஷ்டி பூட்ஸ் போட்ட வெள்ளைக்காரப் பட்டாளத்தைத் தோற்கடித்து ஐ.எப்.ஏ. கேடயத்தை வென்றதே, அதிலும் ஒருவரைத் தவிர எல்லோரும் வெறுங்காலர்கள்தாம். தேசம் முழுவதும் அதைக் கொண்டாடியது. வெறுங்கால் ஆட்டம் நம்முடைய பெருமைச் சின்னமாகவே ஆகிவிட்டது.

1948-ல் லண்டன் ஒலிம்பிக்குக்குப் போன இந்தியக் கோஷ்டியிலும் பெரும்பாலோர் வெறுங்காலோடுதான் ஆடினார்கள். பிரான்சுக்கு எதிராக இரண்டு பெனால்டி உதைகளை வீணாக்கி, 2-1 என்ற கணக்கில் தோற்றார்கள். தோற்றாலும் லண்டன் ரசிகர்கள் கைதட்டினார்கள்.

1951-ல் முதலாவது ஆசிய விளையாட்டுப் பந்தயம் டில்லியில் நடந்தது. ரஹீமின் பிள்ளைகள் இந்தோனேசியாவை 3-0 என்றும், ஆப்கானிஸ்தானை 3-0 என்றும் வென்றார்கள். இறுதி ஆட்டத்தில் ஈரான் எதிர்த்து நின்றது. மேவாலால் அடித்த ஒரே கோலில் இந்தியா வென்றது. சைலன் மன்னா காப்டன். சுதந்திரம் பெற்று நான்கு வருஷமே ஆன நாட்டுக்கு அந்தத் தங்கம் ஒரு பெரிய ஆறுதல்.

ஆனால் அடுத்த வருஷமே சரியான அடி விழுந்தது. 1952-ல் ஹெல்சிங்கி நகரத்தில் ஒலிம்பிக். பின்லாந்து நாட்டுக் குளிர். எதிரே யுகோஸ்லாவியா. நம்மவர்களில் பலர் அங்கேயும் வெறுங்காலோடு இறங்கினார்கள். யுகோஸ்லாவியா பத்துக் கோல் போட்டது. நமக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. 10-1!

பத்திரிகைகள் தலையில் அடித்துக்கொண்டன. இனிமேல் பூட்ஸ் அணிந்துதான் ஆடவேண்டும் என்று அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் கட்டளை போட்டது.

பூட்ஸ் மட்டும் போட்டால் போதாது என்பது ரஹீமுக்குத் தெரிந்திருந்தது. காலில் மாட்டுவதை மாற்றுவது சுலபம். தலைக்குள் இருப்பதை மாற்றுவதுதான் கஷ்டம்.

நான்கு, இரண்டு, நான்கு

அந்தக் காலத்தில் நம் ஊரில் கோஷ்டியை நிறுத்தும் முறை பழைய முறை. கோல் காப்பவருக்கு முன்னால் இரண்டு பின்னணி வீரர்கள், நடுவில் மூவர், முன்னணியில் ஐவர். எதிரி வேகமாக வந்தால் பின்னால் தடுக்க ஆள் போதாது. ஹெல்சிங்கியில் நடந்தது அதுதான்.

ஐரோப்பாவில் அப்போது ஹங்கேரி நாட்டுக் கோஷ்டி புதுவிதமாக ஆடிக்கொண்டிருந்தது. அவர்களுடைய நடு முன்னணி வீரர் முன்னாலேயே நிற்காமல் பின்வாங்கி வந்து பந்தை வாங்குவார். அவரைக் காவல் காக்கிற எதிரி கூடவே வந்தால் பின்னால் ஓட்டை விழும். வராமல் நின்றால் இவர் தனியாக நின்று விளையாடுவார். 1953-ல் இந்த வித்தையால் ஹங்கேரி, இங்கிலாந்தை அதன் சொந்த வெம்பிளி மைதானத்திலேயே 6-3 என்று தோற்கடித்தது. உலகமே ஆச்சரியப்பட்டது.

ஹைதராபாத் வாத்தியார் ஆச்சரியப்பட்டதோடு நிற்கவில்லை. அதைப் பாடமாக எடுத்துக்கொண்டார். பின்னால் நால்வர், நடுவில் இருவர், முன்னால் நால்வர் என்று கோஷ்டியை நிறுத்தும் முறையை இந்தியாவில் பழக்கினார். இதே நான்கு-இரண்டு-நான்கு முறையில் பிரேசில் 1958-ல் உலகக் கோப்பையை வென்ற பிறகுதான் உலகம் முழுவதும் அதைப் பற்றிப் பேசியது. ரஹீம் அதற்கு முன்பே தம் பையன்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்துவிட்டார்.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் அதன் பலன் தெரிந்தது. முதல் ஆட்டத்தில் ஹங்கேரி வராமலே விலகிக்கொண்டது. அடுத்து ஆஸ்திரேலியா. சொந்த மண், சொந்த ஜனங்கள். டிசம்பர் 1-ந் தேதி நடந்த அந்த ஆட்டத்தில் இந்தியா 4-2 என்று வென்றது. பம்பாய் நெவில் டிஸூசா ஒருவரே மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக் கால்பந்தில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்ட முதல் ஆசியர் அவர்தாம்.

அரையிறுதியில் மறுபடியும் யுகோஸ்லாவியா. நான்கு வருஷத்துக்கு முன்பு பத்துக் கோல் போட்ட அதே நாடு. இம்முறை முதல் கோலைப் போட்டது இந்தியா! அதையும் நெவில் டிஸூசாதான் போட்டார். பிறகு யுகோஸ்லாவியா சுதாரித்துக்கொண்டு 4-1 என்று வென்றது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடமும் தோற்றோம். பதக்கம் கை நழுவியது. ஆனாலும் பத்துக் கோல் வாங்கிய கோஷ்டி நான்கே வருஷத்தில் உலகத்தின் முதல் நான்கில் ஒன்றாக வந்து நின்றது.

வாடகை சைக்கிளுக்குப் பணம்

அந்த மெல்போர்ன் கோஷ்டியில் ஓர் இளைஞர் இருந்தார். பெயர் துளசிதாஸ் பலராம். செகந்திராபாத் பக்கத்தில் அம்முகுடா என்னும் சிற்றூரில் குடியிருந்த ஏழைத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. பழைய போலீஸ் பூட்ஸ்களின் தோலைக் கொண்டு ஒரு சக்கிலியர் தைத்துக்கொடுத்த பூட்ஸில் ஆடத் தொடங்கியவர்.

உள்ளூர் ஆட்டம் ஒன்றில் அவரைப் பார்த்த ரஹீம், ஹைதராபாத்துக்குப் பயிற்சிக்கு வரச் சொன்னார். பையன் தயங்கினார். தினமும் அவ்வளவு தூரம் போய்வரக் கையில் காசு இல்லை. அயோத்தியாப்பட்டணத்திலிருந்து ஒரு பையன் தினந்தோறும் சேலத்துக்குப் போய், வேர்க்க விறுவிறுக்க ஆடிவிட்டு, இருட்டில் திரும்பி வருவதை நினைத்துப் பாருங்கள். பஸ்ஸுக்குக் காசில்லாத வீட்டில் அது எப்படி நடக்கும்?

ரஹீம் உபதேசம் செய்யவில்லை. வாடகை சைக்கிளுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு ரூபாய் கிடைக்க வழி செய்தார். பையன் சைக்கிள் மிதித்து வந்தார். கொஞ்ச காலத்தில் ஹைதராபாத் கோஷ்டியில் இடம் பெற்றார். அதிலிருந்து நேரே ஒலிம்பிக்குக்குப் போனார். சுனி கோஸ்வாமி, பி.கே. பானர்ஜி, பலராம் ஆகிய மூவரும் சேர்ந்து ஆடியதைப் போல ஒரு முன்னணி வரிசை இந்தியாவுக்கு மறுபடியும் வாய்க்கவில்லை என்று பழைய ரசிகர்கள் சொல்வதுண்டு. பலராம் தமது 86-ஆம் வயதில் 2023-ல் கல்கத்தாவில் காலமானார்.

ரஹீமின் கோஷ்டியில் இன்னொரு தமிழரும் பேர் பெற்றவர். கோல் காத்த பீட்டர் தங்கராஜ். ஆறடிக்கு மேல் வளர்ந்த பனைமரம் போன்ற ஆகிருதி. பட்டாளத்தில் சேர்ந்து, மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர் கோஷ்டிக்கு ஆடியவர். ஆதியில் முன்னணியில் ஆடிப் பிறகு கோல் காக்க வந்தவர். 1958-ல் ஆசியாவின் தலைசிறந்த கோல் காப்பாளர் என்று புகழப்பட்டார்.

1960-ல் ரோம் ஒலிம்பிக்கிலும் இவர்களோடுதான் ரஹீம் போனார். குலுக்கலில் கடினமான பிரிவு வந்து சேர்ந்தது. ஹங்கேரியிடம் 2-1 என்று போராடித் தோற்றார்கள். பிரான்சுக்கு எதிராகக் காப்டன் பி.கே. பானர்ஜி ஒரு கோல் போட்டார். ஆட்டம் முடிய எட்டு நிமிஷம் இருக்கையில் பிரான்சு சமன் செய்துவிட்டது. பெருவிடம் தோற்று ஊர் திரும்பினார்கள். அதற்குப் பிறகு இந்திய ஆடவர் கால்பந்து கோஷ்டி எந்த ஒலிம்பிக்குக்கும் தகுதி பெறவில்லை.

உள்ளே நெருப்பு, வெளியே எதிர்ப்பு

ரோமிலிருந்து திரும்பிய ரஹீமின் மனதில் ஒரே எண்ணம். அடுத்த ஆசியப் பந்தயத்தில் தங்கம் வாங்கவேண்டும். 1962-ல் இந்தோனேசியாவின் தலைநகரான ஜகார்த்தாவில் அது நடக்கவிருந்தது.

ஆனால் உடம்பு அவரை விட்டு நழுவிக்கொண்டிருந்தது. சிகரெட் பழக்கம் உள்ளவர் ரஹீம். நுரையீரலில் புற்றுநோய் புகுந்து அரித்துக்கொண்டிருந்தது. இருமல் விடாது. ஆனால் மைதானத்தை மட்டும் அவர் விடவில்லை.

ஜகார்த்தாவிலோ சூழ்நிலை மோசம். இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா பந்தயத்துக்கு அனுமதிக்கவில்லை. ஆசியப் பந்தயங்களைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான இந்தியர் ஜி.டி. சோந்தி இதைக் கண்டித்தார். சில நாடுகளை விலக்கிவிட்டு நடத்துவதை ஆசிய விளையாட்டு என்று சொல்லக்கூடாது என்றார். உள்ளூர் ஜனங்களுக்குக் கோபம் பொங்கியது. இந்தியத் தூதரகத்தை ஒரு கூட்டம் தாக்கியது. இந்திய வீரர்கள் எங்கே போனாலும் கூச்சலும் ஏளனமும் தொடர்ந்தன.

முதல் ஆட்டமே தோல்வி. தென் கொரியா 2-0 என்று வென்றது. அடுத்து தாய்லாந்தை 4-1 என்று வென்றோம். ஆனால் அந்த வெற்றிக்குக் கொடுத்த விலை அதிகம். பின்னணியின் தூண் போன்ற பஞ்சாப் வீரர் ஜர்னைல் சிங்குக்கு மண்டை உடைந்து தையல் போடவேண்டியதாயிற்று. ஜப்பானுக்கு எதிரான ஆட்டத்தில் அவர் இல்லை. ஆயினும் 2-0 என்று இந்தியா வென்று அரையிறுதிக்கு வந்தது.

இங்கேதான் வாத்தியாரின் மூளை வேலை செய்தது. தலையில் தையலோடு இருப்பவரைப் பின்னணியில் நிறுத்தினால், ஓயாமல் பந்தைத் தலையால் முட்டவேண்டி வரும். அவரை வெளியே உட்காரவைத்தாலோ கோஷ்டியின் பலம் குறையும். ரஹீம் என்ன செய்தார்? ஜர்னைல் சிங்கை முன்னணிக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்! கல்லூரி நாட்களில் அவர் முன்னணியில் ஆடியவர் என்பதை மறக்காமல் வைத்திருந்தார். கட்டுப்போட்ட தலையோடு ஜர்னைல் சிங் முன்னால் நின்றார். தென் வியட்நாமுக்கு எதிரான அரையிறுதியில் ஒரு கோலும் போட்டார். காப்டன் சுனி கோஸ்வாமி இரண்டு கோல் போட, இந்தியா 3-2 என்று வென்றது.

இறுதி ஆட்டத்துக்கு எதிரி, முதல் நாள் நம்மைத் தோற்கடித்த அதே தென் கொரியா.

குருதட்சிணை

ஆட்டத்துக்கு முந்திய இரவு. கோஷ்டியில் யாருக்கும் தூக்கம் வரவில்லை. ரஹீம் தம் பிள்ளைகளை அழைத்தார். நாளைக்குத் தமக்கு ஒரு பரிசு வேண்டும் என்றார். அந்தத் தங்கத்தை வாங்கிக் கொடுங்கள் என்று மட்டும் கேட்டார்.

அத்தனை வருஷங்களில் அவர் அவர்களிடம் தமக்கென்று கேட்டது அது ஒன்றுதான் என்று சொல்லலாம். குருதட்சிணை கேட்ட அந்தக் குரலில் இருமலும் கலந்திருந்தது.

1962 செப்டம்பர் 4-ந் தேதி. ஜகார்த்தா மைதானத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர். இந்தியக் கோஷ்டி உள்ளே வந்ததும் காது கிழியும்படி கூச்சல். தேசிய கீதம் ஒலித்தபோதும் கூச்சல் நிற்கவில்லை. அந்தச் சமுத்திரத்தில் இந்தியாவுக்காகக் கைதட்டியவர்கள் ஒரு கைப்பிடி. அவர்களில் பாகிஸ்தான் ஹாக்கி வீரர்களும் இருந்தார்கள் என்பது நினைத்தால் நெஞ்சை நெகிழவைக்கும் விஷயம்.

ரஹீம் இன்னொரு மாறுதலும் செய்திருந்தார். அதற்கு முன் கோல் காத்தவர் பிரத்யோத் பர்மன். கொரியர்கள் உயரப் பந்து போட்டுத் தாக்குவார்கள் என்று கணக்குப் போட்டு, காய்ச்சலிலிருந்து எழுந்து வந்த நெட்டை தங்கராஜை கோலில் நிறுத்தினார்.

பதினேழாவது நிமிஷம். பி.கே. பானர்ஜி முதல் கோலைப் போட்டார். மூன்று நிமிஷம் கழித்து இரண்டாவது கோல். போட்டவர் யார் தெரியுமா? தலையில் கட்டுப் போட்ட ஜர்னைல் சிங்!

கொரியர்கள் விடவில்லை. அலை அலையாக வந்தார்கள். தங்கராஜின் நீண்ட கைகளில் பந்துகள் அடைக்கலமாயின. ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கையில் ஒரு கோல் வாங்கினோம். மிச்ச நிமிஷங்கள் ஒவ்வொன்றும் ஒரு யுகமாக நகர்ந்தன. கடைசியில் ஊதல் ஒலித்தது. இந்தியா 2, தென் கொரியா 1.

ஏளனம் செய்த லட்சம் பேரின் நடுவே நம் தேசியக் கொடி ஏறியது. பிள்ளைகள் தங்கத்தை வாங்கி வந்து வாத்தியார் முன் நின்றார்கள்.

அணைந்த விளக்கு

ஹைதராபாத்துக்குத் திரும்பிய ரஹீம் படுக்கையில் விழுந்தார். பத்து மாதம்கூட முழுதாகக் கழியவில்லை என்று சொல்லும்படி, 1963 ஜூன் 11-ந் தேதி அவர் உயிர் பிரிந்தது. வயது 53.

அவர் போனபோது இந்தியக் கால்பந்தும் கூடவே போய்விட்டது என்று பலர் எழுதினார்கள். அது கொஞ்சம் மிகை. 1964-ல் ஆசியக் கோப்பையில் இந்தியா இரண்டாம் இடம் பெற்றது. 1970-ல் பாங்காக்கில் வெண்கலம் வாங்கியது. ஆனால் ஆசிய விளையாட்டில் கால்பந்துத் தங்கம் 1962-க்குப் பிறகு இந்தியாவுக்கு வரவேயில்லை. ஜப்பானும் கொரியாவும், ரஹீமின் பிள்ளைகளிடம் தோற்ற அதே நாடுகள், உலகக் கோப்பை வரை போய்ப் பெரிய நாடுகளை ஜெயிக்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டன. நாம் பின்தங்கிவிட்டோம்.

ஏன்? ஆட்டக்காரர்கள் அதற்குப் பிறகும் பிறந்தார்கள். ஆனால் அவர்களைச் சிறுவயதிலேயே கண்டுபிடித்து, வராத காலைப் பழக்கி, உலகத்தில் நடக்கும் புதுமையை உடனுக்குடன் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டை நாம் ஊர் ஊராக உண்டாக்கவில்லை. அது ஒரு தனி மனிதரின் மூளையில் இருந்தது. அவரோடு மண்ணுக்குள் போயிற்று. ஜப்பானியர் செய்தது வேறு. வெளிநாட்டு ஆசான்களை வரவழைத்தார்கள்; பள்ளிக்கூடத்துப் பையன்களிடமிருந்து தொடங்கிப் படிப்படியாகக் கட்டினார்கள்.

ரஹீமுக்கு சர்க்காரின் பெரிய விருது எதுவும் கிடைக்கவில்லை. அவருடைய குமாரர் சையது ஷாஹித் ஹக்கீம் ரோம் ஒலிம்பிக் கோஷ்டியில் இடம் பெற்றவர். விமானப் படையில் உத்தியோகம் பார்த்தவர். சர்வதேச நடுவராகவும் இருந்தவர். தந்தையைத் தேசம் மறந்துவிட்டதே என்ற ஏக்கம் கடைசி வரை அவருக்கு இருந்தது. அவரும் 2021-ல் காலமாகிவிட்டார். 2024-ல் ரஹீமின் கதை மைதான் என்ற ஹிந்திப் படமாக வந்தபோதுதான், பல லட்சம் பேருக்கு அப்படி ஒருவர் இருந்தார் என்பதே தெரிந்தது.

நம் ஊர் மைதானத்துக்கு ஒரு பாடம்

படம் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டால் மட்டும் போதுமா? ரஹீம் செய்த காரியம் பெரிய நகரத்துக்கு மட்டும் உரியது அல்ல. அவர் கையில் இருந்தது ஒரு தேகப்பயிற்சி ஆசிரியரின் கையில் இருப்பதுதான். அப்படிப்பட்ட ஆசிரியர்கள் சேலம் ஜில்லாவிலும் நாமக்கல் பக்கத்திலும் பள்ளிக்குப் பள்ளி இருக்கிறார்கள். அந்த ஆசிரியரின் வகுப்பு நேரத்தைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்கிற வழக்கமும் நம்மிடையே இருக்கிறது!

அயோத்தியாப்பட்டணத்தில் கோதண்டராமர் கோயிலைத் தெரியாதவர் கிடையாது. இலங்கையிலிருந்து திரும்பும் வழியில் ராமபிரான் இங்கேயே பட்டாபிஷேகக் கோலம் காட்டினார் என்பது ஊர் ஐதிகம். முடிசூட்டிக்கொள்ள ராஜதானிக்குத்தான் போகவேண்டும் என்பதில்லை, வழியில் உள்ள சிற்றூரும் போதும் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். அம்முகுடாவும் அப்படி வழியில் இருந்த ஒரு சிற்றூர்தான். அங்கே ஒரு பையன் இருப்பதை ஒரு வாத்தியார் கவனித்தார். சைக்கிளுக்கு வழி செய்தார். அந்தப் பையன் ஒலிம்பிக்குக்குப் போனான்.

சாயங்காலத்தில் நம் ஊர் மைதானத்தில் பையன்கள் பந்து உதைக்கும்போது கொஞ்சம் நின்று கவனியுங்கள். எல்லோரும் வலது காலால்தான் உதைப்பார்கள். ஒரு வாரத்துக்கு இடது காலால் மட்டும் ஆடச் சொல்லுங்கள். முதல் நாள் சிரிப்பார்கள், இரண்டாம் நாள் சலித்துக்கொள்வார்கள். ஏழாம் நாள் அவர்களுக்கே வித்தியாசம் தெரியும். ரஹீம் ஸாஹிப் நடத்திய முதல் பாடம் அதுதான். அதற்குக் காசு செலவில்லை.